லாங்கேயை இரண்டாக வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூதர்களாக மாறிய அறிஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், போலந்துக்காரரான ஆஸ்கர் லாங்கேவுக்குக் கிடைத்தவை நான்கே வரிகள். சிகாகோவில் பேராசிரியராக இருந்தவர் ஸ்டாலினைச் சந்தித்து மயங்கினார், அமெரிக்கக் குடியுரிமையை உதறினார், தூதரானார், கதை முடிந்தது. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் நடத்தியவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தகவல்களில் ஒன்றைத் தவிரப் பெரிய பிழை இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். நல்ல பொருளியலாளர் ஒருவர் அரசியலுக்குப் போய்க் கெட்டார், முன்னவர் வேறு பின்னவர் வேறு என்கிற கட்டுரையின் தொனியோடுதான் எனக்கு வழக்கு.

லாங்கே 1904இல் தொமாஷூஃப் மசோவியெட்ஸ்கி என்ற நெசவாலை ஊரில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. கிராகோவில் சட்டமும் புள்ளியியலும் படித்து, அங்கேயே கற்பித்தார். 1934இல் ராக்பெல்லர் உதவித்தொகை கிடைத்து வெளிநாடு போனார். 1938இல் சிகாகோ பல்கலைக்கழகம். பேர் வாங்கித் தந்த கட்டுரையை அதற்கு முன்பே, 1936-37இல், இரண்டு பகுதிகளாக எழுதி முடித்திருந்தார்.

பொதுவுடைமைப் பொருளாதாரத்தில் சந்தை கிடையாது, சந்தை இல்லாமல் விலை கிடையாது, விலை இல்லாமல் கணக்குப் போடவே முடியாது என்று ஆஸ்திரியப் பொருளியலாளர் லூட்விக் ஃபான் மீசஸ் 1920இல் வாதிட்டிருந்தார். அந்தக் கட்டுரையில் அதற்குப் பதில் சொன்ன லாங்கே எரிந்து விழவில்லை. இவ்வளவு கூர்மையான கேள்வியைக் கேட்டதற்காக, வருங்காலத் திட்டக் குழுவின் பெரிய கூடத்தில் மீசஸுக்கு ஒரு சிலையே வைக்கலாம் என்று குறும்பாக எழுதிவிட்டுப் பதிலுக்குப் போனார். மத்தியக் குழு ஏதாவது ஒரு விலையை அறிவிக்கட்டும். ஆலை மேலாளர்கள் அந்த விலையை வைத்துக்கொண்டு, செலவு மிகக் குறைவான வழியில், கடைசி ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவு விலைக்குச் சமமாகும்வரை உற்பத்தி செய்யட்டும். சரக்கு தேங்கினால் விலையைக் குறை. தட்டுப்பாடு வந்தால் ஏற்று.

வகுப்பில் இதை நடத்தும்போது கரும்பலகையில் ஒரு செருப்புக் கடையை வரைவேன். ஒரு பக்கம் தட்டு நிறைய விற்காத செருப்பு, மறுபக்கம் வாசலைத் தாண்டி நிற்கும் வரிசை. ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "சார், விலையை மாற்றச் சொல்லி மேலே போன கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் காலில் கிடக்கிற செருப்பு பிய்ந்துவிடாதா?" 1940இல் லாங்கேவுக்கு மறுப்பு எழுதிய, மீசஸின் பக்கம் நின்ற பொருளியலாளர் ஹாயெக் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். பையன் ஹாயெக்கைப் படித்தவனில்லை.

உங்கள் கட்டுரையாளர் தவறவிட்ட இடம் அதே ஆய்வின் பின்பகுதியில் இருக்கிறது. பொதுவுடைமையின் உண்மையான ஆபத்து வளங்களைப் பங்கிட முடியாமல் போவதில் இல்லை, பொருளாதார வாழ்வு முழுவதும் அதிகாரவர்க்கத்தின் கையில் சிக்குவதில் இருக்கிறது என்று லாங்கே தாமே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, அந்த ஆபத்து முதலாளித்துவத்திலும் இருக்கிறதே என்று தோளைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். நோயின் பெயரைச் சரியாகச் சொன்ன வைத்தியர், மருந்துச் சீட்டு எழுதாமல் எழுந்து போன மாதிரி. மேலே இருப்பவர்களிடம் சரியான கணக்கைக் கொடுத்தால் கேட்டுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு. 1944இல் மாஸ்கோவுக்குப் போனவரும் அதே நம்பிக்கையோடுதான் போனார் என்பது என் எண்ணம்.

அந்தப் பயணத்துக்கு அவரை அனுப்பி வைக்கும்படி அமெரிக்க அரசிடம் கேட்டவர் ஸ்டாலின், ரூஸ்வெல்ட் அனுமதித்தார். அப்போது லாங்கே அமெரிக்கக் குடிமகனாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. லண்டனில் இருந்த நாடுகடந்த போலந்து அரசு கொதித்தது. மறு ஆண்டு ஜூலையில், சோவியத் ஆதரவோடு வார்சாவில் அமைந்த புதிய அரசை வாஷிங்டன் அங்கீகரித்தது. லாங்கே குடியுரிமையைத் துறந்து அதன் தூதராக அதே வாஷிங்டனுக்கு வந்தார். அந்த 1945 செப்டம்பரில்தான் ஹாயெக்கின் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது: சமூகத்தில் அறிவு சிதறிக் கிடக்கிறது, எந்தக் குழுவாலும் அதை ஒரே மேசையில் திரட்ட முடியாது என்று. மீசஸுக்குப் பளிங்கு மண்டபத்தில் சிலை வைப்பதாகச் சொன்ன பேராசிரியர் லாங்கே என்று அதில் ஒரு குத்தலும் உண்டு.

ஐ.நா. பாதுகாப்பு அவையில் போலந்தின் சார்பில் லாங்கே உட்கார்ந்த காலத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஸ்பெயின் விவகாரம். 1946 ஏப்ரலில் அந்நாட்டுச் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி உலக அமைதிக்கு ஆபத்து என்று அவைக்குக் கொண்டு வந்தவர் லாங்கே. ஜெர்மானிய அறிவியலாளர்கள் அங்கே அணு ஆயுத ஆய்வு செய்வதாகவும் சொன்னார். புள்ளியியல் படித்தவர் இதை எந்த ஆதாரத்தை வைத்துச் சொன்னார் என்று கேட்கத் தோன்றுகிறது. தூதராகிவிட்டால் அரசு நீட்டும் தாளை வாசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில், ஸ்பெயினிலிருந்து தூதர்களைத் திரும்ப அழைக்கும்படி பொதுச்சபை பரிந்துரைத்தது. அவருக்கு அது வெற்றிதான். 1947 ஜனவரியில் போலந்தில் நடந்த மோசடித் தேர்தலைப் பற்றி அவர் இந்தச் சுறுசுறுப்பைக் காட்டவில்லை.

அவர் நாடு திரும்பிய பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. விலையைச் சோதித்துத் திருத்திக்கொண்டே போகலாம் என்று எழுதியவர், 1953இல் ஸ்டாலினின் கடைசிப் பொருளியல் நூலைப் போற்றிக் கட்டுரை எழுதினார். அவருடைய ரசிகர்கள் இதைப் பேசுவதில்லை, எதிரிகள் இதை மட்டுமே பேசுகிறார்கள். பயமா, பதவியா, உண்மையிலேயே நம்பினாரா என்று வெளியிலிருந்து தீர்ப்பெழுத நான் தயாரில்லை. எழுதினார், அது அவர் கணக்கில் நிற்க வேண்டும்.

அதே கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. நமது இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் உருவான நாட்களில், அதை வகுத்த புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பில் கல்கத்தா வந்த வெளிநாட்டு அறிஞர்களில் லாங்கேவும் ஒருவர். பின்னர் இலங்கையின் திட்டச் செயலகத்துக்கும் ஆலோசனை சொன்னார். 1956 அக்டோபரில் சீர்திருத்தம் பேசிய கம்யூனிஸ்ட் தலைவர் கொமுல்கா ஆட்சிக்கு வந்ததும் போலந்தில் பொருளாதாரக் கவுன்சில் அமைத்தார்கள், தலைவர் லாங்கே. விலையைச் சீர்படுத்த வேண்டும், ஆலைகளுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்று அந்தக் கவுன்சில் எழுதிக்கொடுத்தது. மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். பெரும்பகுதி அலமாரிக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் பெயர் சொன்ன ஆபத்தின் எதிரில், அதே அரசில் உயர்பதவி வகித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் இறந்தபின், 1967இல் அச்சான கடைசிக் கட்டுரைகளில் ஒன்றையாவது உங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். பழைய ஆய்வை இன்று எழுதுவதானால் வேலை சுலபம், சமன்பாடுகளைக் கணினியில் போட்டால் ஒரு நொடிக்குள் விடை வரும், சந்தை என்பது மின்னணுக் காலத்துக்கு முந்தைய கணக்கு இயந்திரம் என்கிறார். பொதுவுடைமை அரசுகளின் அலுவலகங்களை அருகிலிருந்து இருபது வருடம் பார்த்தவர் எழுதியது இது. கணினிக்குள் போகும் எண்களை யார் எழுதுவார்கள், ஆலை மேலாளர் மேலிடத்துக்குப் பயந்து எழுதும் எண் எப்படி இருக்கும் என்ற கேள்வி அதில் எங்கும் தலைகாட்டவில்லை. அன்று தோளைக் குலுக்கியவரை இங்கும் என்னால் அடையாளம் காண முடிகிறது. ஆகவேதான் அவரை இரண்டாக வெட்ட வேண்டாம் என்கிறேன்.

இனி அந்தப் பிழை. லாங்கே வார்சாவில் இறந்ததாக அச்சாகியிருக்கிறது. அவர் இறந்தது லண்டனில், 1965 அக்டோபர் 2ஆம் தேதி. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் விரிவுரையாளர்,
கும்பகோணம்