படுக்கையறைச் சுவரும் அதன் மேல் விழும் வெளிச்சமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் படுக்கையறைக்கு ஏற்ற வண்ணங்களைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். நீலம் அமைதி தரும், சிவப்பு நெருக்கத்தை வளர்க்கும், மஞ்சள் உற்சாகமூட்டும் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மனநிலையை ஒதுக்கியிருந்தார்கள். எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் அந்த நிறத்தைப் பார்க்கப்போகிறோம் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஈராண்டுகளுக்கு முன் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்கு வண்ணம் பூசியபோது, இதே போன்ற அறிவுரையை நம்பி, அம்மா படுக்கும் பின்னறைக்குக் கடையில் கொடுத்த ஷேட் கார்டைப் பார்த்து வெளிர்நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் பூசி முடித்த அன்று பகலில் அறை அழகாகவே இருந்தது. இரவில் ட்யூப்லைட்டைப் போட்டதும் அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வார்டுல படுத்திருக்கற மாதிரி இருக்குதும்மா" என்றார். இரண்டே நாளில், தூக்கம் பிடிக்கவில்லை என்று கூடத்தில் பாயை விரித்துக்கொண்டார்.

அந்த எல்.இ.டி. ட்யூப்லைட் 6500 கெல்வின் நிறவெப்பம் (ஒளி மஞ்சள் சார்ந்ததா, நீலம் சார்ந்ததா என்பதைக் காட்டும் அளவு) கொண்டது. நண்பகல் வெளிச்சத்தைப் போல நீலம் மிகுந்தது. பகலா இரவா என்பதை மூளைக்கு உணர்த்தும் சில செல்கள் நம் விழித்திரையில் உள்ளன; 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு அவை மிகுதியாகத் தூண்டப்படுவதால், இரவில் அவ்வொளி கண்ணில் படும்போது உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பது குறைகிறது. முதன்மையான குறை விளக்கில்தான் இருந்தது. நீலச்சுவர் அவ்வொளியை உறிஞ்சாமல் அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பியது. விளக்கை 2700 கெல்வின் பல்பாக மாற்றினோம். மஞ்சள் கலந்த அந்த ஒளியில் நீலம் மிகக் குறைவு என்பதால், அதே சுவர் சாம்பல் பூத்ததுபோல் மங்கிப்போயிற்று.

மீண்டும் பூச நேர்ந்தபோது ஜன்னலிலிருந்து தொடங்கினேன். அந்த அறைக்கு மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல். சித்திரை, வைகாசியில் மாலை 4 மணிக்கு மேல் வெயில் நேரே எதிர்ச்சுவரில் விழும். அச்சுவரின் நிறம் மற்ற மூன்று சுவர்களிலும் படியும். அங்கே மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தால் அறையே தகிப்பதுபோல் தோன்றும் என்பதால், அதற்கு மங்கிய இலைப்பச்சையும், மற்றவற்றுக்கு மிக வெளிறிய சந்தன நிறமும், எல்லாவற்றுக்கும் பளபளப்பில்லாத பூச்சும் முடிவு செய்தோம். இம்முறை சிறிய டப்பாக்கள் வாங்கி, இரண்டடிப் பலகைகளில் அடித்துச் சுவரில் சாய்த்துவைத்து, காலையிலும் மாலையிலும் இரவு விளக்கிலும் மூன்று நாள் பார்த்தேன். ஷேட் கார்டில் கட்டைவிரல் அகலத்தில் வெளிறித் தெரியும் நிறம், பரப்பு கூடக்கூட அழுத்தமாகிவிடுகிறது. அம்மா இப்போது அந்த அறையில்தான் உறங்குகிறார்.

நிறத்தின் பெயரைவிட அதன் வெளிர்வும் அடர்த்தியுமே உணர்வை மிகுதியாகப் பாதிக்கின்றன என்பதை வால்டெஸ், மெஹ்ராபியன் ஆகிய உளவியலாளர்கள் 1994ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளனர். பாலக்கோட்டில் என் பாட்டி பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் சிறிது நீலம் கலப்பார்; பழுப்பு தெரியாமல் வெண்மை கூடும், பளபளப்பற்ற அந்தச் சுவரில் வெயிலும் கண்ணைக் கூசாது. கட்டுரை புதுமணத் தம்பதியருக்குப் பரிந்துரைத்த அடர்சிவப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சம் குறையும்போது சிவப்பு முதலில் கறுத்துவிடும், நீலம் நெடுநேரம் வெளிறித் தெரியும் என்பதைப் பூர்க்கின்யே என்ற செக் அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார். விளக்கைத் தணித்த பின் அந்தச் சுவர் சிவப்பாக இராது, இருட்டாகத்தான் இருக்கும்.

என் மகன் ஓசூரில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் உறங்குகிறவன். வெள்ளைச் சுவராக இருந்தவரை, திரையின் இடுக்கில் நுழையும் வெயில் அறை முழுதும் பரவி அவனை எழுப்பிக்கொண்டிருந்தது. கனத்த திரை போட்டு, சுவருக்கு அடர்ந்த சாம்பல்நீலம் பூசிய பிறகு நண்பகல் வரை அயர்ந்து உறங்குகிறான். அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த நீலத்தின் அடர்ந்த சாயல்தான் அது. இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது ஜன்னலின் திசை, இரவு விளக்கின் கெல்வின் அளவு, உறங்கும் நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.