கட்டம் போட்ட சட்டை வேண்டாம்

கும்பகோணம்
ஆடி 22

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் யாராவது போன் செய்துவிட்டார்கள். நேற்று ஒரு ஜவுளிக்கடைக்காரர். "தம்பி, மேப்புல நம்ம கடை மூடியிருக்குன்னு காட்டுதாம், கொஞ்சம் பாருங்க." பதினெட்டாம் பெருக்கன்று அவர் கடைக்கு விடுமுறை போட்டவன் நான்தான், திரும்பத் திறக்க மறந்தவனும் நான்தான். மூணு நாளாகக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கூகுளில் பூட்டிக் கிடந்திருக்கிறார் பாவம்.

காவிரியில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. அம்மா பெருக்கன்று படித்துறைக்குப் போய்க் காதோலை கருகமணி விட்டுவிட்டு வந்தாள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவன் எப்பதான்டா வர்றான்?" நீ வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கே வந்துவிடப் போவதாக எழுதியிருப்பதைச் சொன்னேன். நம்பவில்லை.

உன் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். உள்ளூர்க் கடைகளுக்கு இணைய விளம்பரம் செய்து கொடுக்க வேண்டும், சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம ஊர்ப் பாத்திரக்கடையில் போய் "சில்வர் எடுத்துக்குங்க சார்" என்று சொல்லிப் பார். அவர் உனக்கு எவர்சில்வர் தூக்கை எடுத்துக் காட்டுவார்.

சிரிக்காதே, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டீக்கடை பெஞ்சு வரைக்கும் எல்லார் கையிலும் நெட் வந்துவிட்டது. அடுத்த வருஷமே நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்போது என் கையில் இருந்த ஒரே சரக்கு வெப்சைட். எட்டாயிரம் ரூபாய்க்கு ஒன்று என்று பதினொரு கடைக்கு விற்றேன். நீல நிறத் தலைப்பு, கை குலுக்கும் இரண்டு வெள்ளைக்காரர்கள் படம், கீழே "எங்களைப் பற்றி". ஒரு வருஷம் கழித்து வெப்சைட் பெயரைப் புதுப்பிக்கப் பணம் கேட்டேன். ஒருத்தரும் தரவில்லை. ஏன் தர வேண்டும்? அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு ஆள் கடைக்கு வந்திருந்தால்தானே. ஒரு மளிகைக்காரரின் பில் புத்தகத்தில் அந்த விலாசம் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இப்போது நான் செய்கிற வேலையில் பாதிக்கு மேல் கூகுள் மேப்பில்தான். மேப்பில் கடையின் பெயர், நேரம், போன் நம்பர் எல்லாம் காட்டுகிற பக்கத்தைக் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்கிறார்கள். 2021 வரை மை பிசினஸ் என்று இருந்தது. அது இலவசம் என்பதை நான் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுவேன். ஏனென்றால் "கூகுளிலிருந்து பேசுகிறோம்" என்று எவனாவது போன் செய்து, பணம் கட்டாவிட்டால் கடையை எடுத்துவிடுவோம் என்று மிரட்டியிருப்பான். கட்டிவிட்டு ஏமாந்தவர்களும் உண்டு. நான் இலவசம் என்றதும் அடுத்த கேள்வி நிச்சயம் வரும், "அப்ப உங்களுக்கு எதுக்குத் தம்பி காசு?" ஒரு தடவை இதற்கு நான் விழித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஈஸிசேரில் சாய்ந்திருந்த கடைக்காரரின் அப்பா சொன்னார்: "ஆத்துத் தண்ணியும் சும்மாத்தான் வருது. வாய்க்கா வெட்றவனுக்குக் கூலி குடுக்குறமா இல்லியா?" அதிலிருந்து அந்தப் பதிலை நானே எல்லா இடத்திலும் சொல்லிக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் கடை உண்மையானதுதானா என்று பார்க்கத் தபாலில் ஒரு கார்டு வரும், அதிலிருக்கும் எண்ணைப் போட வேண்டும். தபால்காரர் அதை விளம்பர நோட்டீஸ் என்று பக்கத்து வீட்டில் போட்டுவிடுவார். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: தெரு, பெயர்ப்பலகை, பிறகு முதலாளிதான் என்பதற்கு அடையாளமாகப் பூட்டைத் திறந்து உள்ளே போவது. கேட்க எளிது. பெரிய கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக்கடைக்கு இதை ஏழு தடவை எடுத்தேன். முதல் தடவை முதலாளி ஷட்டருக்கு முன்னால் நின்று கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டாவதில் மினி பஸ் ஒன்று பலகையை மறைத்தபடி நின்று ஆளை ஏற்றியது. மூன்றாவதில் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அப்புறம்தான் கவனித்தேன், பலகையில் தாத்தா பெயரில் கடை, நாங்கள் போட்டிருந்ததோ மகன் பெயரில். பெயிண்டரைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றலாமா என்று கேட்டார். வேண்டாம், கூகுளில் மாற்றுவது சுலபம் என்றேன். ஏழாவது தடவை சரியாக வந்தது. அன்று சாயந்திரம் கடையில் இருந்த எல்லாருக்கும் டிகிரி காபி வாங்கிக் கொடுத்தார். உன் பேக்கேஜில் இந்த ஏழு தடவைக்கும் இடம் வைத்துக்கொள்.

நாச்சியார்கோயில் விளக்குக்கடை கதையைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். பின்னால் பட்டறை, முன்னால் சின்னக் கடை. அவர்கள் கையில் பிடித்து இழைத்த குத்துவிளக்கைப் பார்த்தால் நீயே ஒன்று வாங்கிவிடுவாய். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம், எல்லாம் தனித்தனியாக வார்த்துக் கடைந்து, திருகித் திருகிச் சேர்ப்பது. படம் எடுக்கப் போய் நான் பட்ட பாடு பெரிய பாடு. பளபளவென்று தேய்த்து வைத்த அடிப்பாகத்தில் என் கட்டம் போட்ட சட்டை, என் தொந்தி, பின்னால் நின்ற என் வண்டி எல்லாம் விழுந்தது. எப்படித் திரும்பினாலும் விளக்குக்குள் நான் இருக்கிறேன். கடைசியில் வீட்டம்மா ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னாலிருந்து எடுத்தேன்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் விளம்பரம் போட்டோம். ஒரு வாரம் கழித்து அவர் சொன்னார், "ஒண்ணும் வரலியே தம்பி." எனக்கு ஆச்சரியம், கணக்கில் போன் அழைப்புகள் காட்டுகிறதே! அவர் போனை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தேழு மிஸ்டு கால். பட்டறையில் கடைசல் ஓடும்போது காதில் எதுவும் விழாது. மதியம் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை படுத்துவிடுவார். சென்னையில் ஆபீசில் இருப்பவன் சாப்பாட்டு நேரத்தில்தான் போன் செய்வான். தெரியாத நம்பருக்குத் திரும்பக் கூப்பிடுவது அவருக்கு வழக்கமும் இல்லை. "கடன்காரன்னு நெனச்சேன்" என்றார்.

விளம்பரத்தை அன்றே நிறுத்தினேன். அடுத்த ஒரு மாதம் நான் செய்ததெல்லாம் அந்தப் போனை மருமகள் கைக்கு மாற்றியதுதான். அந்தப் பெண் கெட்டிக்காரி. வாட்ஸ்அப் பிசினஸில் ஒவ்வொரு விளக்குக்கும் படம், உயரம் எத்தனை அடி, எடை எத்தனை கிலோ என்று போட்டாள். எடைக்குத்தான் விலை, பித்தளை விலை ஏறினால் இதுவும் ஏறும். அதைப் புரியும்படி எழுதினாள். அளவு தெரிய விளக்குக்குப் பக்கத்தில் ஒரு மரக்காலை வைத்தது அவள் யோசனை. பாகம் பாகமாகக் கழற்றி வைக்கோல் சுற்றிப் பார்சல் போடுவதையும், வீட்டில் எப்படித் திருகிச் சேர்ப்பது என்பதையும் சின்ன வீடியோ எடுத்தாள். விளம்பரமே இல்லாமல் ஆர்டர் வர ஆரம்பித்தது. பிறகு மறுபடி விளம்பரம் போட்டபோது கொடுத்த காசுக்குப் பலன் இருந்தது. நீ விளம்பரம் விற்கத்தான் வருகிறாய், சரி. விற்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்தக் கடைக்கு வாடிக்கையாளர் மாதிரி போன் செய்து பார். எடுக்கவில்லை என்றால் ஒரு பைசா வாங்காதே.

என் தவறையும் கேள். ஒரு மெஸ்காரருக்கு மதியச் சாப்பாடு வீட்டுக்கே அனுப்புவதற்குக் கூகுளில் விளம்பரம் போட்டேன். ஊர் கும்பகோணம் என்று குறித்தேன், அவ்வளவுதான். அங்கே செட்டிங்கில் ஒரு அமைப்பு இருக்கிறது. நாமாக மாற்றாவிட்டால் அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் விளம்பரம் போகும். நவக்கிரகக் கோயில் சுற்ற வரப்போகிற பெங்களூர்க்காரரும் சென்னைக்காரரும் அங்கேயே உட்கார்ந்து கிளிக் செய்து, மூவாயிரம் ரூபாயைத் தின்றுவிட்டார்கள். ஒரு இலைச் சாப்பாடு கூட விற்கவில்லை. பணத்தை நானே திருப்பிக் கொடுத்தேன். வேடிக்கை என்னவென்றால் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு லாட்ஜுக்கு அதே அமைப்புதான் சோறு போடுகிறது. குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்றால் ஆலங்குடிக்கும் திருநள்ளாறுக்கும் போகிறவர்கள் வெளியூரிலிருந்துதானே தேடுவார்கள். அவர்கள் தேடுகிற எழுத்தும் ஒன்றா இரண்டா. ஆங்கில எழுத்தில் கோயில் என்று தட்டுகிறவன், கோவில் என்று தட்டுகிறவன், நடுவில் எச் போடுகிறவன் என்று எல்லாருக்கும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. 2028 மகாமகத்துக்கு இப்போதே அந்த லாட்ஜ்காரரிடம் படங்களைப் புதுப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2016-ல் எடுத்த கட்டில் படத்தையே வைத்திருக்கிறார்.

திருவையாற்றில் ஒரு இனிப்புக்கடை. ஐந்து ஸ்டார் போட்டால் நூறு கிராம் அசோகா இலவசம் என்று போர்டு வைக்கலாமா என்று கேட்டார். பொருள் கொடுத்து விமர்சனம் வாங்குவதைக் கூகுள் அனுமதிப்பதில்லை என்றேன். "அசோகா பொருளா? பிரசாதம் மாதிரி தம்பி" என்றார். வேண்டாமென்று தடுத்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் விமர்சனம் எழுத ஒரு கியூஆர் சீட்டு மட்டும் ஒட்டினேன். விமர்சனங்கள் மெதுவாக வந்தன. ஒருவன் ஒரே ஸ்டார் போட்டு, நெய் போதவில்லை என்று எழுதினான். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன், அவன் எந்த ஊர், என்ன பேர் என்று. ஒரு ராத்திரி பொறுக்கச் சொன்னேன். காலையில் அவரே சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: "அன்று கிண்டியது என் தம்பி. நீங்கள் சொன்னது சரிதான். அடுத்த முறை வரும்போது என்னைக் கூப்பிடுங்கள்." அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கடைக்கு வந்தவர்கள் உண்டு. தம்பிதான் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

எல்லாருக்கும் நாம் தேவையில்லை மாப்ளே. பாபநாசம் பக்கத்தில் ஒரு உரக்கடைக்காரர், விதையும் உரமும் கடனுக்குக் கொடுத்து அறுவடையில் வசூல் செய்கிறவர். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது அவர் நோட்டில் இருக்கிறது. முகம் தெரியாத புது ஆள் கூகுளில் பார்த்து வந்தால் அவருக்குத் தலைவலிதான். கடை நேரத்தை மட்டும் சரியாகப் போட்டுவிட்டு, காசு வாங்காமல் வந்தேன். அவர்தான் பிறகு எனக்கு மூன்று கடைகளைக் கைகாட்டினார்.

பணம் பற்றிக் கேட்டிருந்தாய். காலையில் போணி ஆவதற்கு முன்னால் போய்க் கேட்காதே. விளக்கு வைத்த பிறகும் கேட்காதே. வெள்ளிக்கிழமை கேட்கவே கேட்காதே. விளம்பரக் காசை அவர்கள் கார்டிலிருந்தே கட்டச் சொல், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு. உன் கூலி வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டும் வரை நீ ஜி.எஸ்.டி. பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, எனக்கு இன்னும் அந்தக் கவலை வரவில்லை. கடையின் கூகுள் கணக்கு எல்லாம் அவர்கள் ஈமெயிலிலேயே இருக்கட்டும். பாஸ்வேர்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, விலகினால் தரமாட்டேன் என்று ஒருவர் செய்த வேலையால் ஒரு பட்டுக்கடை பல வருஷத்து விமர்சனங்களை இழந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மேட்டூர். ஐடியில் இருந்த உனக்கு இது வினோதமாகப் படும். 2024-ல் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். குறுவை போட முடியாதவன் துணி எடுக்க மாட்டான், துணி விற்காதவர் எனக்குப் பணம் தரமாட்டார். அந்த வருஷம் என் வசூல் ஐப்பசி வரை இழுத்தது. நான் காலையில் எழுந்து அணை நீர்மட்டத்தைப் பார்ப்பதை வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். 120 அடியைத் தொட்டால் அன்று பஜ்ஜி.

வருவதென்றால் ஆடி முடிவதற்குள் வா. இப்போதுதான் முதலாளிகள் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். ஆவணி பிறந்தால் உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமிருக்காது. என்னோடு ஒரு வாரம் சுற்று, பேக்கேஜ் விலையை அதற்கப்புறம் எழுதலாம். உன் பெரிய கேமராவையும் கொண்டு வா. நாச்சியார்கோயில் மருமகள் ஐந்தடி விளக்கு ஒன்றுக்கு நல்ல படம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கட்டம் போட்ட சட்டை மட்டும் வேண்டாம்.

அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன்,
பழைய பெஞ்சு நண்பன்