மில் பையன் செய்த துப்பாக்கி

அன்புள்ள சுந்தரத்துக்கு,

பேத்தியின் காதுகுத்துப் படம் வந்தது. அவளைவிட நீ அதிகம் அழுதிருப்பாய் போலிருக்கிறது. சரி, இங்கே ஒஹையோவில் நான் ஒரு கிழட்டுத் துப்பாக்கியோடு மல்லுக்கட்டிய கதையைக் கேள். பட்டறைக்காரனான உனக்குத்தான் இது ருசிக்கும்.

அது எம்1 கேரண்ட், 1944-இல் செய்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் தோளில் கிடந்த ரகம். ராணுவம் கழித்துவிட்டவை இங்கே சட்டப்படி விற்பனைக்கு வரும். இதை வடிவமைத்த ஜான் கேரண்ட், சிறுவயதில் துணி மில்லில் தரை கூட்டிக்கொண்டே மெஷின் வேலை கற்றவர். உன் கதைதான்! 50 லட்சத்துக்கு மேல் தயாராகியும் அவருக்கு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை.

குண்டு குழல்முனையை நெருங்கும்போது, அடியில் உள்ள சிறு துளை வழியே கொஞ்சம் வாயு இறங்கி ஒரு நீளத் தண்டைப் பின்னால் தள்ளும். அது குழலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட்டைத் திறந்து காலித் தோட்டாவை எறியும். திரும்பி வரும்போது அடுத்ததை ஏற்றும். எட்டுத் தோட்டாவைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தகடுதான் கிளிப். எட்டும் தீர்ந்தால் அது 'டிங்' என்று துள்ளி விழும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் நாலு கிளிப் சுடலாம்.

ஆனால் குறி? என்சிசி முகாமில் பாயில் குப்புறப் படுத்து பாயிண்ட் டூ டூ ரைபிள் சுட்ட நம் பெருமையெல்லாம் போயிற்று. 100 கஜத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறியது. கண்ணாடியை மாற்றினேன், மூச்சைப் பிடித்தேன், தோட்டாவைத் திட்டினேன். தோட்டாவிலும் தப்பு இருந்தது. வேட்டைக்கு விற்கும் கனமான தோட்டாக்களில் வெடிமருந்து மெதுவாக எரிவதால், துளைக்கு வரும்போது அழுத்தம் அதிகமாகித் தண்டே வளையலாமாம். நல்லவேளை, பத்தோடு நிறுத்தினேன்.

அப்புறம் சுடுதளத்தில் ஒரு பெரியவர் துப்பாக்கியை வாங்கி, முனையைப் பிடித்து ஆட்டினார். கடகடவென்றது. குழல்முனையில் அந்த வாயுவை வாங்கும் உருளை ஆடுகிறது. முன்குறி அதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது! குறியே நடனமாடினால் நான் என்ன செய்ய? உருளையைக் கழற்றி, அது கவ்வி உட்காரும் குழலின் ஸ்பிளைன் பற்களைப் பஞ்ச் வைத்து மெல்லத் தட்டி விரித்தோம். திரும்பப் போடும்போது மரச்சுத்தியால் தட்டித்தான் ஏறியது. துப்பாக்கியின் மரக்கட்டையும் தேய்ந்திருந்தது. விசையைச் சுற்றியுள்ள ட்ரிகர் கார்டு விறைப்பாக மூடினால்தான் இரும்பு மரத்தைக் கவ்வும். எனக்கோ சோப்புடப்பா மூடிபோல விழுந்தது. மெல்லிய மரத்தகடு ஒட்டினேன். உராயும் இடங்களில் எண்ணெய்க்குப் பதில் கிரீஸ். இப்போது நாலு விரற்கடைக்குள் விழுகிறது.

இதற்கிடையில் என் கட்டைவிரல் போல்ட்டில் மாட்டியது தனி. இந்த ரகத்துக்காரர்கள் எல்லாருக்கும் ஒருமுறை வாய்க்கும் காயம் அது. நகம் இப்போதுதான் முளைக்கிறது.

ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்றொரு இடம், 1907 முதல் அங்கே போட்டி நடக்கிறது. கேரண்டுக்கென்றே தனிப் போட்டி உண்டு. 200 கஜம், கணக்கில் சேரும் 30 குண்டு. போய்வந்தேன். படுத்துச் சுட்டதில் ஒப்பேற்றினேன். நின்று சுடும் பத்தில் மானம் கப்பலேறியது. இரண்டு குண்டு இலக்கையே தொடவில்லை. அதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் சொல். தட்டி விரித்த பல் எத்தனை நாள் தாங்கும்? உருளையை அடிக்கடி கழற்றாதே என்கிறார் பெரியவர். உன் அபிப்பிராயம் தெரிந்தபிறகுதான் அதில் கைவைப்பேன்.

அன்புடன்,
ராமு