கர்னலைக் கொன்றாயே, குடத்தை யார் சுமப்பது?

அன்புள்ள தம்பி,

ராத்திரி ஒன்றரை மணிக்கு "அண்ணா, ஃபால்அவுட் 3 முடிச்சுட்டேன், ஊரைக் காப்பாத்தியாச்சு" என்று நீ அனுப்பியதைக் காலையில்தான் பார்த்தேன். அணுப் போருக்குப் பிறகு நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் உலகில் நடக்கும் அந்த வீடியோ கேமை முடித்தது சரி, வாழ்த்துகள். காப்பாற்றியதாகச் சொல்கிறாயே, அதில்தான் எனக்கு வழக்கு. கதையின் மிச்சத்தைச் சொல்லும் புரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதியை நீ போடாமல் விளையாடியிருக்கிறாய் என்று தெரிகிறது, அதனால் கதையைக் கொஞ்சம் உடைக்கப் போகிறேன், திட்டாதே.

தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கைப்பற்ற வந்த கர்னல் ஆட்டத்தைச் சாய்த்தாய் (பெயரே ஆட்டம், இந்தச் சிரிப்பு நமக்கு மட்டும்தான் கிடைக்கும்). ஜெஃபர்சன் நினைவகத்துக்குள் போய் 2, 1, 6 அழுத்திச் சுத்திகரிப்பு இயந்திரத்தை ஓடவிட்டாய். அந்த எண் வெளிப்படுத்தல் 21:6, கதையில் உன் அம்மாவுக்குப் பிடித்த வசனம். தாகமாயிருக்கிறவனுக்கு ஜீவத்தண்ணீர் இலவசமாய்க் கிடைக்கும் என்கிறது. அந்த 'இலவசமாய்' மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

2008 அக்டோபரில் கேம் வந்தபோது அந்தப் பொத்தானோடு எல்லாம் முடிந்துவிடும், அப்புறம் விளையாடவே முடியாது. எங்களுக்குச் செம கடுப்பு. இப்போது யோசித்தால், வில்லன் செத்த மறுநாள் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க அதைவிடச் சுலபமான வழி இருந்திருக்காது என்று தோன்றுகிறது. 2009ல் புரோக்கன் ஸ்டீல் வந்துதான் அந்த மறுநாளைக் காட்டியது. இரண்டு வாரம் மயக்கத்தில் கிடந்து எழுகிறாய், தண்ணீர் சுத்தமாகிவிட்டது, அதற்கு அக்வா பியூரா என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். ஆனால் ரிவெட் சிட்டி வாசலில், அந்தத் துருப்பிடித்த விமானந்தாங்கிக் கப்பலுக்கு வெளியே, ஓர் அதிகாரி அதை ஊர் ஊராக அனுப்பப் படாத பாடு படுகிறார். வழியில் கொள்ளைக்காரர்கள். அண்டர்வேர்ல்ட் என்ற ஊரில் கிரிஃபன் என்றொருவன் கதிரியக்கத் தண்ணீரையே பாட்டிலில் அடைத்து 'அக்வா கியூரா' என்று சர்வரோக நிவாரணி மாதிரி விற்கிறான். இன்னோர் இடத்தில் ஒரு மடம் கதிரியக்கம் கலந்ததைப் புனித நீர் என்று ஊற்றிக் கொடுக்கிறது. கிரிஃபனைச் சுடலாம், கேம் தடுக்காது. சுட்டுவிட்டால் அங்கே இருப்பவர்களுக்கு நல்ல தண்ணீர் வந்துவிடுமா?

இதில் எனக்கு ரொம்ப நாள் உறைக்காத ஒன்று உண்டு. ஊற்றில் வைரஸ் கலந்து, கதிரியக்கத்தால் மாறிப்போன உயிர்களை எல்லாம் கொல்லத் திட்டம் போட்டது ஆட்டத்துக்கு மேலே இருந்த ஜனாதிபதி ஈடன். ஆட்டம் அதை எதிர்த்தவர். தண்ணீர் தன் கையால் போனால் ஜனங்கள் தன் பக்கம் நிற்பார்கள் என்பதுதான் அவர் கணக்கு, அவருக்கு வேண்டியது குழாயின் சாவி. இப்போது அந்தச் சாவி உன்னோடு சேர்ந்து போரிட்ட பிரதர்ஹுட் படையிடம் இருக்கிறது, அவர்களும் கவசமும் துப்பாக்கியுமாக நிற்கிறவர்கள்தான். நல்லவர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ செய்தது ஆளை மாற்றியது. ஈடனின் வைரஸைத் தடுத்தது அவசியம், அதில் சந்தேகமே இல்லை, விஷம் கலக்க வருகிறவனை விட்டுவிட்டு யாரும் வாய்க்கால் வெட்ட முடியாது. ஆனால் வாய்க்கால் இன்னும் வெட்டப்படவில்லை, தம்பி.

1997ல் வந்த முதல் ஃபால்அவுட் இதை இன்னும் கறாராகச் சொன்னது. நீ வாழும் நிலவறையின் தண்ணீர் இயந்திரத்துக்கு 150 நாளுக்குள் ஒரு மின்னணுச் சில்லைக் கொண்டுவர வேண்டும், கொண்டுவந்தால் அடுத்து மாஸ்டர் என்ற வில்லன். அவனைச் சுடவே தேவையில்லை, மனிதர்களை மாற்றி அவன் உருவாக்கும் மியூட்டன்ட்களுக்குப் பிள்ளை பிறக்காது என்ற ஆதாரத்தைக் காட்டினால் தன்னைத்தானே அழித்துக்கொள்வான். எல்லாம் முடித்து வீட்டுக்குப் போனால் நிலவறைத் தலைவரான ஓவர்சியர் கதவுக்கு வெளியே நிறுத்தி, உன்னைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பிவிடுவார்கள், போய்விடு என்கிறார். துரத்தப்பட்டவனும் கூட வந்தவர்களும் சேர்ந்து அரோயோ என்று ஓர் ஊர் கட்டுகிறார்கள். 80 வருஷம் கழித்து, இரண்டாம் பாகம் தொடங்கும்போது, அந்த ஊரும் வறட்சியில் காய்ந்துகொண்டிருக்கிறது.

சனிக்கிழமை புரோக்கன் ஸ்டீலைப் போடு. மெயின் குவெஸ்ட் கிடக்கட்டும், ரிவெட் சிட்டி வாசலில் அந்த அதிகாரியிடம் பேசு. ஒரு தண்ணீர்ச் சரக்கு கிளம்பும்போது மேப்பில் தாவாமல் அதன் பின்னாலேயே கடைசி வரைக்கும் நடந்து போ. போய்ச் சேர்ந்தால் எத்தனை மணியானாலும் எனக்கு ஃபோன் போடு.

அண்ணன்