டேஜாவூ செருகுநிரல் இனி வேலை செய்யாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில், உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் தன் சிக்கலை எழுதியிருந்தார். ஸ்கேன் செய்து டேஜாவூ என்ற கோப்பு வடிவில் வைத்த பழைய நூல்களைப் பயர்பாக்ஸ் உலாவியில் திறந்தால், பக்கம் வர வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்தான் தெரிகிறதாம். “டேஜாவூ செருகுநிரலை மறுபடி நிறுவுங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் விண்டோஸுக்கு மாறிவிடுங்கள்” என்று பதில் சொல்லியிருந்தீர்கள். செருகுநிரல் (பிளகின்) என்பது, உலாவி தானாகத் திறக்காத கோப்புகளைக் காட்ட அதற்குள் பொருத்தும் சிறு நிரல். நீங்கள் சொன்ன இரண்டுமே பயன் தராது. அவர் இந்நேரம் எத்தனை நாள் அலைந்திருப்பாரோ என்று நினைக்க வருத்தமாக இருக்கிறது. நானும் இதே காரியத்துக்காக அலைந்தவன்தான்.

கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாலை நேரங்களில் எங்கள் ஊர் வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இருக்கும் 3 பழைய மடிக்கணினிகளிலும் லினக்ஸ்தான். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண் ஒருவர், தனக்கு வேண்டிய நூல் ஒரு தொகுப்புத் தளத்தில் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை என்று வந்தார். நான் செருகுநிரல் கோப்பைத் தேடி எடுத்து பயர்பாக்ஸ் செருகுநிரலைத் தேடும் மொசில்லா கோப்புறைக்குள் போட்டேன். வரவில்லை. 32 பிட் கோப்பை 64 பிட் கணினியில் போட்டுவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு வேறொன்றைப் போட்டேன். அதுவும் வரவில்லை. ஒரு காலத்தில் இவை சரியான சோதனைகள்தான். உலாவி செருகுநிரலைக் கண்டுகொண்டதா என்று பார்க்க, முகவரிப் பட்டையில் ‘அபவுட் பிளகின்ஸ்’ என்ற பக்கத்தைத் திறப்போம். லினக்ஸில் அந்தச் செருகுநிரல் மிகச் சிறியது. பக்கத்தை வரைவதை டிஜே-வியூ என்ற தனி நிரலிடம் விட்டுவிட்டு, அதன் சாளரத்தை உலாவிக்குள் பொருத்தி வைப்பது மட்டுமே அதன் வேலை. அதனால் டிஜே-வியூ நிறுவியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது.

இன்று இதில் எதைச் செய்தும் பலனில்லை, ஏனென்றால் உலாவியே அந்தக் கதவை மூடிவிட்டது. நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியின் காலத்திலிருந்து வந்த செருகுநிரல் முறை அது. உலாவிக்குள் நுழையும் அந்நிய நிரல் பழுதானால் உலாவியும் சேர்ந்து விழும், திருடனுக்கும் வழி கிடைக்கும். லினக்ஸில் குரோம் 2014இலேயே இதைக் கைவிட்டது. விண்டோஸ் குரோமில் 2015 செப்டம்பரில் முழுதாக நீக்கினார்கள். பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் வந்த 52ஆம் பதிப்பில், ஃபிளாஷ் ஒன்றைத் தவிர மற்ற எல்லாச் செருகுநிரல்களையும் நிறுத்தியது. 2021 ஜனவரியில் ஃபிளாஷும் போயிற்று. ஆகவே அந்த வாசகர் விண்டோஸுக்கு மாறினாலும் அதே வெற்றுக் கட்டத்தைத்தான் பார்ப்பார். லினக்ஸ் மீது பழி போடுவது நியாயமில்லை. பழைய பயர்பாக்ஸைத் தேடிப்பிடித்து நிறுவச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன உலாவியில் வங்கிக் கணக்கையும் திறப்பார்கள் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? தளத்தின் பக்கத்தில் வலது கிளிக் செய்து ‘பக்க மூலம்’ பார்த்தால், டி, ஜே, வி, யூ என்ற நான்கெழுத்தில் முடியும் முகவரி கிடைக்கும். அதுதான் நூல். அதைத் தரவிறக்கி, உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கும் ஆவணக் காட்டியிலோ டிஜே-வியூவிலோ திறக்கலாம். முகவரியைச் சொடுக்கியதும் திரை முழுக்கப் புரியாத குறியீடுகளாக ஓடினால் பயப்பட வேண்டாம். கோப்பு என்ன வகை என்பதைத் தளத்தின் சர்வர் தவறாகச் சொல்கிறது, உலாவி அதை வெறும் எழுத்தென்று நம்பிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த இணைப்பை (லிங்க்) வலது கிளிக் செய்து சேமித்தால் போதும்.

நான் உண்மையில் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த படியில். அந்தப் பெண்ணுக்குக் கோப்பு இறங்கியது. ஆனால் 300 பக்க நூலுக்குச் சில கிலோபைட்தான் இருந்தது. திறந்தால் பக்க எண்கள் வரிசையாக நிற்கின்றன, பக்கங்கள் வெறுமை. கோப்பு கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டினேன், அவரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. டேஜாவூ நூல்கள் இரண்டு விதம். ஒன்றில் எல்லாப் பக்கங்களும் ஒரே கோப்பில் கட்டியிருக்கும். மற்றதில் பக்கத்துக்கு ஒரு கோப்பு வீதம் தனித்தனியாகச் சர்வரில் கிடக்கும், நாம் இறக்குவது வெறும் பொருளடக்கம் மட்டும். இணைய வேகம் குறைவாக இருந்த நாளில், 200ஆம் பக்கம் வேண்டியவருக்கு அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்ப வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. நூலகத்தில் நூலைக் கேட்டவருக்கு அட்டவணைச் சீட்டை எடுத்துக் கொடுத்த கதையாக இருந்தது என் உதவி.

வழி எளிது. கோப்பைத் தரவிறக்காமல், டிஜே-வியூவின் கோப்புப் பட்டியலில் இணைய முகவரியைத் திறக்கும் வசதிக்குப் போய், அந்த முகவரியை ஒட்ட வேண்டும். அது சர்வரிலிருந்து பக்கங்களைத் தானே கொண்டுவந்துவிடும். பிறகு ஒரே கோப்பாகக் கட்டிச் சேமிக்கலாம். அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து வரவழைத்து இப்படித்தான் நூலை எடுத்துக் கொடுத்தேன். உலாவியிலேயே படிக்க வேண்டும் என்பவர்களுக்கு, ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய டேஜாவூ ஜேஎஸ் வியூவர் என்ற நீட்சி பயர்பாக்ஸுக்கும் குரோமுக்கும் இருக்கிறது. செருகுநிரல் வேறு, நீட்சி (எக்ஸ்டென்ஷன்) வேறு. நீட்சிகளுக்கு இன்னும் இடமுண்டு. பிடிஎஃப் ஆக மாற்றும் கருவியும் உண்டு என்றாலும், மாற்றினால் கோப்பு பெரிதாகும், தேடலுக்காக உள்ளே வைத்திருக்கும் எழுத்தும் பெரும்பாலும் தொலைந்துபோகும். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

டேஜாவூ மட்டமான வடிவம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஏடி அண்ட் டி ஆய்வுக்கூடத்தில் யான் லெகுன், லியோன் போட்டூ முதலியோர் உருவாக்கியது. பழுப்பேறிய தாளையும் அதன் மேலுள்ள எழுத்தையும் தனித்தனி அடுக்காகப் பிரித்துச் சுருக்குவதால், மங்கிய அச்சுகூடக் கூர்மையாகத் தெரியும், கோப்பும் சிறிதாக இருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2016இல் இந்த வடிவில் புதிதாக உருவாக்குவதை நிறுத்திவிட்டாலும், அதற்கு முன் எத்தனையோ இடங்களில் இப்படிச் சேமித்தவை அப்படியே கிடக்கின்றன. செருகுநிரல் பெட்டிக்குள் மட்டும் நூலை வைத்திருக்கும் தளங்கள், ஒவ்வொரு நூலுக்கும் முழுக் கோப்புக்கு ஒரு நேரடி இணைப்பைச் சேர்த்துவிட்டால் போதும். ஒருமுறை செய்கிற வேலைதான். செய்யாததால் நூல் இருந்தும் இல்லாததாகிறது.

அந்தப் பதிலைத் திருத்தி அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன். கேள்வி கேட்ட வாசகருக்கு இந்தக் கடிதத்தின் படியை முன்கூட்டியே அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிளை நூலகர்,
தஞ்சாவூர் மாவட்டம்