பின்கட்டுச் சாவி

சேலம்,
ஆவணி, புதன்கிழமை

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்று கோட்டை மாரியம்மனை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். ஆடிப் பண்டிகைக்கு வருவாய் என்று பச்சரிசி ஊறவைத்து மாவு இடித்து வைத்திருந்தேன். வண்டி சரியில்லை, வர முடியவில்லை என்று ஒரு வரி அனுப்பியதோடு சரி, மூன்று வாரமாக உன் குரலே இல்லை. மருமகளிடம் கேட்டபோது "வண்டி ஸ்டேஷன்..." என்று தொடங்கி, "ஷெட்டில் நிற்கிறது அத்தை" என்று முடித்தாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. தொலைபேசியில் கேட்டால் உன் அப்பாவைப் போலவே நீயும் பேச்சை மழையின் பக்கமும் விலைவாசியின் பக்கமும் திருப்பிவிடுவாய் என்று தெரிந்ததால்தான் கடிதம் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி சரியாகி நீ எப்போது புறப்பட்டாலும் தொப்பூர் இறக்கத்தை இருட்டில் இறங்காதே. டீசலை மிச்சம் பிடிப்பதற்காக லாரிக்காரர்கள் அந்தச் சரிவில் கியரை எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள் என்றும், பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் முன்னால் போகிறவர்கள் மேல் வந்து விழுகிறார்கள் என்றும் எத்தனை முறை படித்தாயிற்று. 2024 ஜனவரியில் அங்கே லாரிகளுக்கு நடுவில் சிக்கிய கார் தீப்பற்றி எரிந்ததைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டியபோது, நீ ஓசூரில்தான் இருக்கிறாய் என்று உறுதி செய்துகொள்ள உனக்கு நான்கு முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதானால் காலையிலேயே கிளம்பு, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னொன்றும் செய்தித்தாளில் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாமாம். அடுத்த முறை இன்னும் கடுமையாம். பொதுவாகத்தான் எழுதுகிறேன். உன் தொழிற்சாலையில் உனக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்களுக்குச் சொல்ல உதவும்.

நான் செய்தித்தாளை விரித்தால் கொலை, சாராயம், கஞ்சா என்று அவற்றையே தேடிப் படிக்கிறேன் என்றும், எல்லாவற்றுக்கும் ஆளுங்கட்சியைக் குறை சொல்கிறேன் என்றும் போன தீபாவளிக்கு நீ சொன்னாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய், மருமகளும் சிரித்தாள். என்ன செய்வது? தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்குப் போகும் ரயிலில் கேட்பாரற்ற பையில் கஞ்சா, சேலம் சந்திப்பில் பறிமுதல் என்று அதே செய்தி ஊரும் எடையும் மாறாத குறையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அரசாங்கத்தின் முதல் வேலை காவல், மற்ற நன்மைகள் எல்லாம் அதற்குப் பிறகு என்று நினைத்து வளர்ந்தவள் நான். கட்டணமில்லாப் பேருந்து நல்லதுதான், நானும் அதில்தான் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் மளிகை வாங்கி வருகிறேன். மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையையும் நான் பழிக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டில் அந்த ஆயிரம் மனைவியின் கணக்கில் ஏறி, இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு கணவனின் சட்டைப்பைக்கு மாறி, கொடுத்த அரசாங்கத்தின் கடைக்கே போய்ச் சேருவதை நான் மாதா மாதம் என் திண்ணையிலிருந்து பார்க்கிறேன். 2023-24ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் எதிர்வீட்டு ஆயிரமும் இருக்கும் அல்லவா?

என் காலம் 1937லேயே நின்றுவிட்டது என்பாய். நிற்கட்டும். சென்னை மாகாணத்திலேயே முதன்முதலில் மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான், அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி. உன் அப்புச்சிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கள்ளுக்கடையைப் பூட்டிய அன்று சாயங்காலம் அவருடைய அம்மா திருவிழாவுக்கு ஏற்றுவதைப் போல வாசலில் வரிசையாக விளக்கேற்றினார் என்பதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜியை நான் இன்றும் மதிப்பது அதற்காக மட்டும் இல்லை. கலால் வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி என்று கேட்டவர்களுக்கு, 1939ல் விற்பனை வரியைக் கொண்டுவந்து அதற்கான வசவையும் அவரே வாங்கிக்கொண்டார். குடிகாரனின் மனைவியிடமிருந்து மறைமுகமாகப் பிடுங்குவதை விட எல்லோரிடமும் வெளிப்படையாக வரி கேட்பது மேல் என்று நினைத்த ஓர் ஆட்சி இந்த ஊரிலிருந்து தொடங்கியது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

1971ல் கருணாநிதி அரசு மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1974ல் அவரே திரும்பக் கொண்டுவந்தார் என்று நீ உடனே சொல்வாய், அதை நான் மறுக்கவில்லை. என் பக்கத்து உண்மையையும் நானே எழுதிவிடுகிறேன், நீ சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. 1981ல் கடைகளைத் திறந்தது எம்.ஜி.ஆர். ஆட்சி, 1983ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்ததும் அவர் காலத்தில்தான், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது ஜெயலலிதா ஆட்சி. இரண்டு பேருக்கும் இரட்டை இலையில் தவறாமல் வாக்களித்தவள் நான். பிறகு அந்த அம்மா 2016ல் 500 கடைகளை மூடினார், நம் மாவட்டத்து எடப்பாடியார் 2017ல் 500 மூடினார், ஸ்டாலின் 2023ல் 500 மூடினார். ஐந்நூறு ஐந்நூறாக மூடிக்கொண்டே வருகிறார்கள், வருமானம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

மதுவிலக்கு வந்தால் கள்ளச்சாராயம் பெருகும், கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டாயா என்று கேட்டாய். மறக்கவில்லை. 2024 ஜூனில் நோயாளிகளை நம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டு நாட்களும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் சாமி அறைக்குப் போய் நின்றேன். மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் கொன்றுவிடுவதில்லையாம். உடம்பு அதை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்ற, மணிக்கணக்கில் கழித்துத்தான் வயிற்றுவலியும் மூச்சுத்திணறலும் வந்து, கண் நரம்பு கெட்டுப் பார்வை போகிறதாம். போதை இறங்கவில்லை என்று நினைத்து வீட்டிலேயே படுத்திருந்தவர்களுக்கு அதனால்தான் நேரம் தவறிப்போயிருக்கும். 60 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் கண்ணு, அப்போது மதுவிலக்கு இல்லையே. டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. கடைச் சரக்கை வாங்க முடியாத கூலிக்காரர்கள்தான் மலிவான பாக்கெட்டைத் தேடிப் போகிறார்கள் என்று நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. இருந்தாலும், காவல் நிலையமும் நீதிமன்றமும் பக்கத்தில் இருக்கும் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அது விற்றிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் மதுவிலக்கா? முந்தின ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இதே விஷத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். ஓராண்டு அவகாசம் இருந்தது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகுதான் ஆயுள் தண்டனை வரை சட்டத்தைத் திருத்தினார்கள். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றுவதற்கு உயர் நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. காவல் முதலில் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஓசூரிலிருந்து, கர்நாடக எல்லையைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளி கால் மணி நேரம்தானாமே? அங்கே எல்லாம் விலை மலிவு என்று பேருந்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். உனக்கு அந்தப் பக்கம் என்ன வேலை இருக்கப்போகிறது. தொப்பூரைப் பகலில் கடந்துவிடு, அவ்வளவுதான் சொல்கிறேன்.

உன்னைப் பற்றி ஊரில் பெருமையாகத்தான் பேசுகிறேன். அப்பா இல்லாத பிள்ளை, இன்ஜினியர் ஆகி, நூறு பேரை வேலை வாங்குகிறான் என்று உன் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் நான்கு பேரிடம் சொன்னேன். அன்றைக்கே நீ பந்தி முடிவதற்குள் மண்டபத்தின் பின்பக்கம் போய் ஒரு மணி நேரம் கழித்து வெற்றிலை பாக்கு மென்றுகொண்டு வந்தாய். உனக்கு வெற்றிலைப் பழக்கம் எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை.

இதுவரை எழுதிவிட்டு இரண்டு நாள் மடித்து வைத்திருந்தேன். நான் எழுத வேண்டியது இதுவல்ல என்பது எனக்கே தெரிந்திருந்தது.

2015 ஜூலை கடைசியில், நம் இளம்பிள்ளைக்காரர் சசிபெருமாள், மதுக்கடையை மூடச் சொல்லி மார்த்தாண்டம் பக்கத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறி, அந்தப் போராட்டத்திலேயே இறந்துபோனார் அல்லவா? அன்று இரவு அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நான் சாப்பிடாமல் படுத்தேன், நீ ஓசூரிலிருந்து அழைத்தபோது தலைவலி என்றேன். தலைவலி இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஓமலூர் ரோட்டுக் கட்டடத்துக்கு மாத வாடகை வந்திருந்தது. முன்கட்டு டாஸ்மாக் கடைக்கு, பின்கட்டு பாருக்கு. உன் அப்பா 2004ல் போனபோது விட்டுப்போன கடனும், தனியார் பள்ளியில் எனக்குக் கிடைத்த சம்பளமும் உனக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அந்த வாடகை வந்தபோது நான் மறுக்கவில்லை. காலையில் எட்டாம் வகுப்புக்குக் கள்ளுண்ணாமை நடத்திவிட்டு, சாயங்காலம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். உன் கல்லூரிக் கட்டணம் ஒவ்வொரு பருவமும் அதிலிருந்துதான் போயிற்று. 2017 மார்ச்சோடு, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததால்தான் அது போனதே தவிர, நானாக ஒருநாளும் காலி செய்யச் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள்.

இதையாவது வறுமை என்று சொல்லி மழுப்பிவிடலாம். மழுப்ப முடியாதது ஒன்று இருக்கிறது. கடை வாடகை காசோலையாக வந்துவிடும். பார்க்காரர் ரொக்கமாகத்தான் தருவார், ஐந்தாம் தேதி நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். ஒரு தமிழாசிரியை, அதுவும் தாலி இழந்தவள், அந்தப் பின்கட்டுக்குள் நுழைவதை யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று பயந்து, நான் உன்னை அனுப்பினேன். உனக்குப் பதினைந்து வயது. பள்ளிச் சீருடையோடு போவாய். சில நாள் உடனே வருவாய். சில நாள், பணம் எண்ணும் வரை உட்காரச் சொன்னார்கள் என்று ஒரு மணி நேரம் கழித்து, கையில் அவர்கள் கொடுத்த கடலைப் பொட்டலத்தோடு வருவாய். அங்கே யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய், என்ன பார்த்தாய், கடலையைத் தவிர வேறு என்ன கொடுத்தார்கள் என்று நான் ஒருமுறை கூடக் கேட்கவில்லை. பணத்தை எண்ணி வாங்கி, நோட்டில் வீசும் வாடை போக அலமாரியில் கற்பூரத்தோடு வைத்தேன். ராஜாஜியையும் எம்.ஜி.ஆரையும் கருணாநிதியையும் ஸ்டாலினையும் வரிசையாக நிறுத்தித் தீர்ப்புச் சொல்கிறவள், மகனை மாதா மாதம் சாராய வாடைக்குள் அனுப்பினேன். நீ இப்போது எப்படி இருந்தாலும், அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். மருமகள் பாதியில் நிறுத்திய அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை.

இன்னும் ஒன்றை மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. போன வாரம் இரண்டு பேர் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். மனமகிழ் மன்றம் தொடங்கப் போகிறார்களாம், எஃப்.எல்.2 உரிமம் வாங்கிவிடுவார்களாம், கட்டடம் முழுவதற்கும் மாதம் 40,000 ரூபாய் தருவார்களாம். கேரம் பலகையும் பத்திரிகைகளும் இருக்கும் அம்மா என்றார்கள். அங்கே எதை விற்கப் போகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லவில்லை. மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கூரை ஒழுகுகிறது, சொத்து வரி பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தொகையைக் கேட்டபோது ஒரு நிமிடம் என் மனம் பாப்பாவின் பள்ளிக் கட்டணத்தைக் கணக்குப் போட்டது. மகனைக் கேட்கிறேன் என்று மறுபடியும் உன்னையே முன்னால் நிறுத்தியிருக்கிறேன், பார்த்தாயா? அவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார்கள். நானே சொல்லி அனுப்பிவிடுவேன்.

பின்கட்டுச் சாவி உன் அப்பாவின் இரும்புப் பீரோவில், கீழ்த்தட்டில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது. பூட்டு துருப்பிடித்திருக்கும், வரும்போது ஓசூரிலிருந்து ஒரு நல்ல பூட்டு வாங்கிவா. வண்டி எங்கே நின்றாலும் நிற்கட்டும், நீ பேருந்திலேயே வா. காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறினால் தொப்பூரை வெயிலில் கடந்துவிடலாம். புதிய பேருந்து நிலையத்துக்கு நான் வந்து நிற்கிறேன். பாப்பாவுக்கு இடித்த மாவு இன்னும் கெடவில்லை.

இப்படிக்கு,
அம்மா