நேட்டிவ் சிகரெட்: இணையப் படத்தை நம்பி வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

"அசல் நேட்டிவ் சிகரெட், 200 கொண்ட கார்ட்டன் 35 டொலர், வீட்டுக்கே அனுப்புகிறோம்" என்ற மாதிரியான விளம்பரங்கள் ஒன்ராறியோவில் நம்மவர்களின் கைபேசிகளுக்கும் வருகின்றன. நேட்டிவ் என்றால் கனடாவின் பூர்வகுடிகள் செய்தது என்று பொருள். படத்தைப் பார்த்து அசலா போலியா என்று எவராலும் சொல்ல முடியாது. விலையைப் பார்த்தால் பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

ஒன்ராறியோவின் புகையிலை வரி சிகரெட் ஒன்றுக்கு 18.475 சதம். 200 சிகரெட்டுக்கு 36.95 டொலர். மத்திய அரசு விதிக்கும் தீர்வை என்ற வரி அதற்கு மேலும் 30 டொலரைத் தாண்டும். புகையிலை, தாள், கூலி, கடைக்காரரின் இலாபம் எதையும் சேர்க்காமல், வரி மட்டுமே 66 டொலருக்கு மேல். 35 டொலருக்குத் தருகிறேன் என்பவரிடம் இருப்பது வரி கட்டாத சரக்கு. அல்லது அவரிடம் சரக்கே இல்லை.

இதனால் பூர்வகுடிகள் செய்யும் சிகரெட் எல்லாமே கள்ளச் சரக்கு என்று நினைத்துவிடக்கூடாது. ஒன்ராறியோவில் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிச் சமூகத்தின் நிலத்தில், ஓஸ்வீக்கன் என்ற ஊரில் இயங்கும் கிராண்ட் ரிவர் என்டர்பிரைசஸ் மத்திய அரசின் உரிமம் பெற்ற நிறுவனம். செனெக்கா, சாகோ போன்ற பெயர்களில் விற்கப்படும் சிகரெட்டுகள் அங்கே தயாராகின்றன. உரிமம் பெற்றவர் மத்திய தீர்வை கட்டவேண்டும், ஒவ்வொரு பெட்டியிலும் தீர்வை முத்திரை ஒட்டவேண்டும். ஆகவே முத்திரை இல்லாத "அசல் செனெக்கா" என்ற பேச்சே பொருந்தாது.

அந்த முத்திரையின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். மஞ்சள் நிறமும் ON என்ற எழுத்துகளும் இருந்தால் ஒன்ராறியோ வரியும் கட்டப்பட்டுள்ளது. வெளிர் பீச் நிறத்தில், மாகாணப் பெயர் இல்லாமல் இருந்தால் மத்திய தீர்வை மட்டும் கட்டப்பட்டது. அது பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில், அரசிடம் பதிவுபெற்ற முதற்குடியினருக்கு அவர்களது சொந்தப் பாவனைக்காக விற்கப்படுவது. முதற்குடியினர் பற்றிய கனடாவின் 'இந்தியர் சட்டத்தின்' 87ஆம் பிரிவு தரும் வரிவிலக்கு அவர்களுக்கு உரியது. அதை நாம் காசு கொடுத்து வாங்க முடியாது. மற்றவர்கள் அந்தப் பெட்டியை வைத்திருந்தால் அபராதமும், அதற்கு மேல் வரியின் மூன்று மடங்கும் கட்ட நேரும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் 200 சிகரெட்டை உதிரியாகப் போட்டு, எந்த முத்திரையும் இல்லாமல் விற்பதும் உண்டு. அதை யார் எங்கே சுருட்டினார்கள் என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர எந்த ஆதாரமும் இல்லை.

தபால் விடயம் பலருக்குத் தெரியாது. சில்லறை வியாபாரி நுகர்வோருக்குப் புகையிலைப் பொருளைத் தபாலில் அனுப்பி விற்பதையும், ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு அனுப்பி விற்பதையும் மத்திய புகையிலைச் சட்டம் தடுக்கிறது. "கனடா முழுவதும் தபாலில் அனுப்புவோம்" என்று எழுதியிருந்தால் அந்தத் தளத்தில் மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டியதில்லை.

கைக்கு வந்துவிட்ட பெட்டியென்றால் பார்க்க நிறைய உண்டு. 2019 நவம்பர் 9 முதல் கனடாவில் எல்லாப் பெட்டிகளும் ஒரே மங்கிய மண்ணிறம். சின்னமோ வண்ணமோ கிடையாது, பெயர் மட்டும் சாதாரண எழுத்தில் இருக்கும். பின்னர் உள்பெட்டியைத் தள்ளி இழுத்துத் திறக்கும் அமைப்பும் கட்டாயமாயிற்று. இப்போது ஒவ்வொரு சிகரெட்டின் வடிகட்டிப் பகுதியைச் சுற்றியுள்ள தாளிலும் எச்சரிக்கை வாசகம் அச்சிடப்பட வேண்டும். தளத்தில் இறகுப் படத்தோடு பளபளக்கும் பெட்டி, "லைட்", "மென்தோல்" என்ற சொற்கள் எல்லாம் இருந்தால் அது இந்த நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டதே அல்ல. மென்தோல் 2017 முதல் நாடு முழுவதும் தடை.

தீ ஆபத்தை யாரும் பேசுவதில்லை. 2005 ஒக்டோபர் முதல் கனடிய சிகரெட்டுகள், இழுக்காமல் வைத்தால் தாமாக அணையும்படி செய்யப்படுகின்றன; சோதனையில் நூற்றுக்கு 25க்கு மேல் கடைசிவரை எரியக்கூடாது. தாளில் இடைவெளிவிட்டு வரும் தடித்த வளையங்களே நெருப்பை மட்டுப்படுத்துகின்றன. சட்டத்துக்கு வெளியே சுருட்டியதில் அந்த வளையங்கள் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மெத்தையிலோ சோபாவிலோ விழுந்தால் அது கடைசிவரை கனன்றுகொண்டே இருக்கலாம்.

இத்தளங்கள் பலவற்றின் முகப்பில் முதுகுவரை தொங்கும் பெரிய இறகுத் தலையணியை அணிந்த தலைவரின் படம் இருக்கும். அது மேற்குச் சமவெளி மக்களின் அணி. சிக்ஸ் நேஷன்ஸில் வாழும் ஹௌடெனோசௌனி மக்களின் தலையணி வேறு வடிவம். அவர்கள் சடங்கில் படைக்கும் புகையிலையும் சிகரெட்டில் உள்ள செடி அல்ல, நிகோடியானா ரஸ்டிகா என்ற வேறு இனம். ஒரு மக்களின் வழிபாட்டுப் பொருளையும் முகத்தையும் எடுத்து விளம்பரமாக்குவது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

கடன் அட்டை ஏற்காமல் வங்கிக் கணக்கிலிருந்து இணையம்வழி பணம் அனுப்பும் இன்டராக் மின்பணமாற்று மட்டும் கேட்டால் உடனே விலகுங்கள். பெறுபவர் வைப்பிலிட்டபின் அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. முகவரி இல்லாத தளம், 19 வயதா என்று கேட்டு ஒரு சிறு கட்டத்துக்குள் குறியிடச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும் தளம் ஆகியவையும் அப்படித்தான். பணம் அனுப்பிவிட்டீர்களானால், எதிர்த்தரப்பு அதை ஏற்கும் முன் உங்கள் வங்கியின் செயலியில் இரத்துச் செய்யுங்கள். ஏற்றுவிட்டால் வங்கிக்கும், 1-888-495-8501 என்ற எண்ணில் கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஸ்காபரோ